டியூப்லெஸ் சைக்கிள் டயருக்கு வால்வு: பார்த்து வாங்குவதும் ஒழுங்காகப் பொருத்துவதும்

டியூப்லெஸ்ஸுக்கு மாறலாம் என்று நினைக்கிறவர்கள் டயரைப் பற்றி வாரக்கணக்கில் விசாரிப்பார்கள். ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவத்தில் எது நல்லது என்று நாலு பேரைக் கேட்பார்கள். வால்வு என்று வரும்போது மட்டும் கடையில் எடுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். மாட்டிய மறுநாள் காலை டயர் சப்பையாகக் கிடக்கும். பழி சீலன்ட் மேல் விழும், இல்லையென்றால் டயர் மேல் விழும். சக்கரத்தைப் பிரித்துப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் வால்வின் அடியிலோ அதைச் சுற்றியுள்ள டேப்பிலோதான் இருக்கும்.

டியூப் உள்ள சக்கரத்தில் வால்வு டியூபோடு ஒட்டியே வருகிறது. ரிம்மில் இருக்கும் துளை அது வெளியே வருவதற்கான வழி, அவ்வளவுதான். டியூப்லெஸ்ஸில் டயரும் ரிம்மும் சேர்ந்துதான் காற்றை அடைத்து வைக்க வேண்டும். ஸ்போக் துளைகளை டேப் மூடிவிடும். 1999-ல் மாவிக் நிறுவனம் மலைச் சைக்கிளுக்கு (எம்.டி.பி.) யூ.எஸ்.டி. (UST) என்ற டியூப்லெஸ் முறையைக் கொண்டுவந்தபோது, டயர் பக்கத்தில் ஸ்போக் துளையே இல்லாமல் ரிம் செய்தார்கள், டேப்பே தேவைப்படவில்லை. அந்த ரிம்மில்கூட வால்வுக்கு ஒரு துளை விடாமல் முடியவில்லை. அந்த ஒரு துளையை எப்படி அடைக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் காற்று நிற்பதும் போவதும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் ஒன்றைப் புரிந்துகொண்டால் மீதி எல்லாம் சுலபம். நல்ல அலாய் ரிம்மின் வால்வுத் துளையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு சுவர் தெரியும். டயர் பக்கம் ஒன்று, ஸ்போக் பக்கம் ஒன்று, நடுவில் இடைவெளி. வால்வு இரண்டையும் கடந்து வெளியே வருகிறது. காற்றைப் பிடித்து வைப்பது டயர் பக்கச் சுவரில் உட்காரும் ரப்பர் அடி மட்டுமே. வெளியே இருக்கும் நட் அந்த ரப்பரை இழுத்துப் பிடிக்கிறது. நட்டுக்கு அடியில் வரும் ஓ-ரிங் ரிம்மில் கீறல் விழாமலும் நட் தளராமலும் பார்த்துக்கொள்கிறது. வால்வு ஓரம் கசிகிறதே என்று நட்டை முறுக்கிக்கொண்டே போனால், கண்ணுக்குத் தெரிந்த கசிவு நின்றதுபோல இருக்கும். காற்று இரண்டு சுவருக்கும் நடுவில் புகுந்து, ஸ்போக்கை ரிம்மோடு பிடிக்கும் நிப்பிள் வழியாகப் போய்க்கொண்டேதான் இருக்கும். அதனால் வாங்கும்போதும் சரி, மாட்டும்போதும் சரி, நம் கவனம் உள்ளே இருக்கும் அந்த ரப்பர் மேல் இருக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்: ரிம்மைப் பாருங்கள்

ரிம் டியூப்லெஸ்ஸுக்கு ஏற்றதா என்பது முதல் கேள்வி. ரிம் ஸ்டிக்கரிலும் டயர் பக்கவாட்டிலும் 'டியூப்லெஸ் ரெடி' என்றோ அதன் சுருக்கமோ இருக்க வேண்டும். ஒற்றைச் சுவர் ரிம்மில் சாதா டயரை வைத்து, டேப் சுற்றி, சீலன்ட் ஊற்றி ஒப்பேற்ற நினைக்காதீர்கள். வளைவில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றால் அடி பலமாகப் படும்.

அடுத்தது துளை. நம் ஊர் சைக்கிள்களில் மூன்று வகை வால்வு புழங்குகிறது. பழைய கருப்பு சைக்கிளில் வால்டியூப் போட்ட டன்லப் வால்வு இருக்கும்; டியூப்லெஸ் கணக்கில் அது வராது. பைக்கிலும் காரிலும் இருக்கும் தடித்த வால்வு ஷ்ரேடர். ஒல்லியாக, நுனியில் குட்டித் திருகோடு இருப்பது பிரெஸ்டா. ஷ்ரேடருக்குத் துளை சுமார் 8.5 மி.மீ., பிரெஸ்டாவுக்கு சுமார் 6.5 மி.மீ. கடைகளில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வுகளில் பெரும்பாலானவை பிரெஸ்டா. ஆனால் நடுத்தர விலை எம்.டி.பி. பலவற்றின் ரிம்மில் ஷ்ரேடர் துளைதான் இருக்கும். அந்தத் துளையில் பிரெஸ்டாவை அப்படியே மாட்டினால் தண்டு உள்ளே ஆடும், ரப்பர் ஒரு பக்கம் சாய்ந்து உட்காரும். துளையைச் சிறிதாக்கும் வளையம் கிடைக்கிறது. ஆனாலும் ஷ்ரேடர் வகையிலேயே டியூப்லெஸ் வால்வு தேடி வாங்குவது மேல் என்பேன். பெட்ரோல் பங்கில் நேராகக் காற்று அடிக்கலாம். தண்டுக்குள் காற்றைத் திறந்து மூடும் சின்ன உள்பாகமான கோர் கெட்டால் எந்த பஞ்சர் கடையிலும் மாற்றுக் கோர் கிடைக்கும். பிரெஸ்டா ரிம்மை டிரில் போட்டு ஷ்ரேடருக்குப் பெரிதாக்குவதை மட்டும் செய்யாதீர்கள். ஒல்லியான ரோடு ரிம்மில் அந்த இடம் பலவீனமாகிவிடும்.

ரப்பர் அடி: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

டயரைக் கழற்றிவிட்டு ரிம்மின் உள்பக்கத்தைக் குறுக்காகப் பாருங்கள். நடுவில் ஒரு பள்ளம் ஓடும். சில ரிம்மில் அது குறுகலாக, ஆழமாக இருக்கும். சிலவற்றில் அகலமாக, கிட்டத்தட்டத் தட்டையாக இருக்கும். வால்வின் ரப்பர் அடி இந்தப் பள்ளத்தோடு பொருந்த வேண்டும்.

அடிகள் பொதுவாக இரண்டு உருவத்தில் வருகின்றன. ஒன்று உருண்டையாக, கூம்பு மாதிரி கீழே குறுகிவரும். பாட்டில் வாயில் தக்கை இறங்குவதுபோல அது துளைக்குள் இறங்கி அடைக்கும். துளையைச் சுற்றித் தட்டையாக இருக்கும் அகலமான ரிம்முக்கு அது நன்றாகச் சேரும். இன்னொன்று நீள்சதுரம் அல்லது முட்டை வடிவம். குறுகலான, ஆழமான பள்ளத்தில் அது இரு பக்கச் சுவரையும் தொட்டுக்கொண்டு உட்காரும். உருண்டை அடியை அப்படிப்பட்ட பள்ளத்தில் வைத்தால் இரண்டு ஓரத்திலும் நசுங்கி, நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். பல வால்வு செட்டில் இரண்டு மூன்று உருவ ரப்பர்களையும் சேர்த்தே கொடுக்கிறார்கள். முதல்முறை வாங்குகிறவர்கள் அப்படிப்பட்ட செட்டை எடுத்தால் கவலை இல்லை. ரிம் கம்பெனியே தன் ரிம்முக்கென்று வால்வு விற்கிறது என்றால் யோசிக்காமல் அதையே வாங்கலாம்.

ரப்பரின் உயரத்தையும் கவனியுங்கள். டயர் ஓரத்தில் உள்ள பீடு, மாட்டும்போது ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கினால்தான் மறுபக்கம் தளர்வு கிடைக்கும். ரப்பர் பள்ளத்தை நிறைத்து மேலேயும் துருத்திக்கொண்டு நின்றால், அந்த இடத்தில் டயரின் ஒரு ஓரம் ரப்பர் மேலேயே ஏறி நிற்கும். காற்று அடித்தாலும் அங்கே மட்டும் பீடு சரியாக உட்காராது. வால்வைக் கையால் வைத்து, பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் ரப்பரின் தலை பீடு உட்காரும் மேடையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும்.

நீளம்

ரிம் விளம்பரத்தில் போடும் ஆழத்தை அப்படியே நம்ப வேண்டாம். அது ரிம்மின் விளிம்பிலிருந்து அளந்தது. வால்வு உட்காரும் பள்ளம் அதற்குச் சில மி.மீ. கீழே இருக்கும். ஒரு பழைய ஸ்போக்கை டயர் பக்கத்திலிருந்து துளையில் விட்டு, இரண்டு பக்கமும் பேனாவால் குறித்து அளந்துவிடுங்கள். நட்டுக்கும் பம்ப் தலை பிடிப்பதற்குமாகச் சேர்த்து 15 முதல் 20 மி.மீ. தண்டு வெளியே தெரிய வேண்டும்.

20 மி.மீ. சுற்றில் ஆழம் உள்ள சாதாரண எம்.டி.பி., கிராவல் (ஜல்லி, மண் பாதைக்கான சைக்கிள்) ரிம்முக்கு 40 முதல் 44 மி.மீ. வால்வு போதும். 35 மி.மீ. ரிம்முக்கு 55 அல்லது 60. 50 மி.மீ. ஆழமுள்ள கார்பன் சக்கரத்துக்கு 70 அல்லது 80. குட்டையானதை வாங்கி எக்ஸ்டென்டர் போட்டு நீட்டுவதைவிட முதலிலேயே நீளமானதை வாங்குவது நல்லது. கசியக்கூடிய ஓர் இணைப்பு குறையும். அதற்காகத் தேவைக்கு மேல் நீளமும் வேண்டாம். காட்டுப் பாதையில் குச்சி மாட்டும், பம்ப் தலையைப் பிடுங்கும்போது வளையும்.

உலோகம், கோர், நட்

கடையில் வண்ண வண்ணமாக அடுக்கி வைத்திருப்பவை அலுமினியம். எடை குறைவு, பார்க்க அழகு. பித்தளை கொஞ்சம் கனம். முதல் வால்வு பித்தளையாக இருக்கட்டும் என்பது என் கருத்து. அலுமினிய மரை மென்மையானது. பம்ப் தலையைக் கோணலாக இழுத்தால் தண்டு முறிவதுண்டு. சில சீலன்ட்களில் உள்ள அமோனியா அலுமினியத்தை நாளடைவில் அரிக்கவும் செய்யும்.

கோர் கழற்றக்கூடியதாக இருப்பது கட்டாயம். பிரெஸ்டாவின் நுனிக்குக் கீழே எதிரெதிராக இரண்டு தட்டையான முகங்கள் இருந்தால் அது கழலும். சீலன்ட் ஊற்றவும் வேகமாகக் காற்று ஏற்றவும் அடைப்பு எடுக்கவும் அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும். கோர் சாவி சில செட்டில் மூடியிலேயே இருக்கும். இல்லையென்றால் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நட் கையால் திருகும்படி உருண்டையாக, சொரசொரப்பாக இருக்க வேண்டும்.

டயருக்குள் நுரை இன்சர்ட் (ரிம் அடிபடாமல் காக்கும் நுரை வளையம்) போடுகிற எண்ணம் இருந்தால், ரப்பர் அடியில் பக்கவாட்டில் ஓட்டை உள்ள வால்வைக் கேளுங்கள். சாதா வால்வின் வாயை நுரை மூடிவிடும். கோரே இல்லாமல் அகலமான வழியோடு வரும் ரிசர்வ் ஃபில்மோர், 2024-ல் வந்த ஷ்வால்பே கிளிக் வால்வு போன்றவை அடைப்புத் தொல்லையைக் குறைக்கவும் காற்றடிப்பதைச் சுலபமாக்கவும் வந்தவை. கிளிக் வால்வை, இருக்கிற பிரெஸ்டா தண்டில் கோரை மட்டும் மாற்றிப் பொருத்திக்கொள்ளலாம். ஆரம்பத்தில் இதெல்லாம் அவசியமில்லை.

பொருத்துவது

டயர், டியூப், பழைய ரிம் டேப் எல்லாவற்றையும் கழற்றுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் ரிம்மின் உள்பக்கத்தைத் துடையுங்கள். விரலை வால்வுத் துளையின் ஓரத்தில் மெதுவாகச் சுற்றுங்கள். பிசிர் தட்டுப்பட்டால் மெல்லிய உப்புத்தாளைச் சுருட்டி இரண்டு சுற்று தேய்த்தால் போதும். அந்தப் பிசிர்தான் பிற்பாடு டேப்பையும் ரப்பரையும் கிழிக்கும்.

டேப் ரிம்மின் உள் அகலத்தைவிட 2 முதல் 5 மி.மீ. கூடுதலாக இருக்கட்டும். 25 மி.மீ. ரிம் என்றால் 28 அல்லது 30. வால்வுத் துளைக்கு ஒரு சாண் முன்னால் ஆரம்பித்து, நன்றாக இழுத்துப் பிடித்தபடி சுற்றி வந்து, துளையை இரண்டாம் முறை தாண்டி இன்னொரு சாண் போய் வெட்டுங்கள். துளையின் மேல் இரண்டு அடுக்கு கிடைக்கும். கட்டைவிரலால் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்திக்கொண்டே வாருங்கள். அவசரம் இல்லையென்றால் ஒரு டியூபைப் போட்டு டயரை மாட்டிக் காற்றடித்து இரவு முழுக்க விடலாம். டேப் நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் துளை. பிளேடால் பெருக்கல் குறி போட்டுக் கிழிப்பது சுலபம்தான், ஆனால் அந்தக் கிழிசல் நாளுக்கு நாள் நீளும். கோணூசியைத் தீயில் காட்டிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். ரிம்மை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் டேப்புக்குப் பின்னால் துளை வட்டமாகத் தெரியும். அதன் நட்டநடுவில் ஊசியை இறக்குங்கள். டேப் லேசாக உருகி, ஓரம் தடித்து, உருண்டையான சிறு ஓட்டை விழும். தண்டைவிட அது சிறியதாக இருப்பதுதான் நல்லது. வால்வைத் திருகியபடி அழுத்தினால் டேப் விரிந்து தண்டை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

ரப்பரில் ஒரு சொட்டு சீலன்ட் தடவி வால்வை உள்ளிருந்து தள்ளுங்கள். நீள்சதுர அடியாக இருந்தால் அதன் நீளம் ரிம் ஓடும் திசையில் இருக்க வேண்டும். ஒரு கையின் கட்டைவிரலால் ரப்பரை உள்ளிருந்து நன்றாக அமுக்கிக்கொண்டு, மறுகையால் ஓ-ரிங்கையும் நட்டையும் ஏற்றித் திருகுங்கள். தண்டைக் கொஞ்சம் அப்படி இப்படி ஆட்டுங்கள். ரப்பர் இன்னும் சற்று இறங்கும், நட் இன்னும் கால் சுற்று ஏறும். கைக்கு இறுகியதும் நிறுத்திவிடுங்கள்.

கட்டிங் பிளேயர் வேண்டவே வேண்டாம். அதைக் கொண்டு முறுக்கினால் ரப்பர் துளைக்குள் பிதுங்கி டேப்பைக் கிழிக்கும். அதைவிடப் பெரிய சங்கடம், வழியில் டயர் பெரிதாகக் கிழிந்து டியூப் போட வேண்டி வந்தால் இந்த வால்வை நீங்கள் கையால் கழற்றியாக வேண்டும்.

டயரை வால்வுக்கு நேர் எதிர்ப்பக்கம் தொடங்கி வால்வில் முடியுங்கள். வால்வு இருக்கும் இடத்தில் ரப்பர் பள்ளத்தை அடைத்திருப்பதால் பீடு அங்கே இறங்காது. மற்ற இடமெல்லாம் பீடு பள்ளத்தில் கிடந்தால்தான் கடைசித் துண்டு சிரமமில்லாமல் ஏறும். டயர் ஓரம் முழுக்கச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். கோரைக் கழற்றிவிட்டு ஃப்ளோர் பம்பால் வேகமாக அடியுங்கள். பீடு மேடை ஏறும்போது 'டப், டப்' என்று சத்தம் வரும். ஏறவில்லை என்றால் பஞ்சர் கடைக் கம்ப்ரஸர்தான் வழி. பிரெஸ்டாவின் மேல் திருகும் பித்தளை அடாப்டர் கோரின் மரையில்தான் ஏறும் என்பதால், அதைப் பயன்படுத்தும்போது கோர் உள்ளே இருக்க வேண்டும். கோர் இல்லாமல் அடிப்பதானால் ரப்பர் நுனி உள்ள காற்றுத் துப்பாக்கியைத் தண்டின் வாயில் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எப்படி அடித்தாலும் டயரிலும் ரிம்மிலும் போட்டிருக்கும் உச்ச அழுத்தங்களில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. கொக்கி விளிம்பு இல்லாத ஹுக்லெஸ் ரோடு ரிம் என்றால் உச்சம் 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ. கம்ப்ரஸர் அதை நொடியில் தாண்டிவிடும், பக்கத்திலேயே நில்லுங்கள்.

பீடு சுற்றிலும் ஒரே மட்டமாக உட்கார்ந்ததும் காற்றை விட்டுவிட்டு, சீலன்ட்டை நன்றாகக் குலுக்கித் தண்டு வழியாக ஊற்றுங்கள். ஒல்லி ரோடு டயருக்கு 30 முதல் 60 மி.லி., கிராவலுக்கு 60 முதல் 90, 29 அங்குல எம்.டி.பி. டயருக்கு 100 முதல் 120. கோரைச் சாவியால் நன்றாக இறுக்குங்கள். தளர்வாக விட்டால் திருகு வகைப் பம்பைக் கழற்றும்போது கோரும் கூடவே வந்துவிடும். திரும்பக் காற்றடித்து, சக்கரத்தைச் சுற்றி, குலுக்கி, ஒவ்வொரு பக்கமாகப் படுக்கவைத்து எடுங்கள். முதல் இரண்டு மூன்று சவாரிக்குப் பிறகு நட்டை ஒருமுறை கையால் தொட்டுப் பாருங்கள். ரப்பர் படிந்து நட் சற்று தளர்ந்திருக்கும்.

கசிந்தால்

பிரெஸ்டா நுனியில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் கோர் தளர்வு அல்லது கோரில் அழுக்கு. அது சின்ன வேலை. அடுத்து நட்டைச் சுற்றியும் ஸ்போக் நிப்பிள்களிலும் சோப்புத் தண்ணீர் ஊற்றுங்கள். இங்கேதான் பலர் குழம்பிப்போகிறார்கள். வால்வின் அடி கசிந்தாலும் டேப் கிழிந்திருந்தாலும் காற்று முதலில் போவது ரிம்மின் இரண்டு சுவருக்கு நடுவில். அங்கிருந்து எந்த ஓட்டை கிடைக்கிறதோ அது வழியாக வெளியே வரும். வால்வுக்கு எதிர்ப்பக்க நிப்பிளில் குமிழி வந்தால்கூடக் கோளாறு வால்வில் இருக்கலாம். வால்வை முதலில் பாருங்கள் என்று சொல்வேன், ஏனென்றால் அதைப் பார்ப்பது சுலபம். நட்டைத் தளர்த்தி, தண்டை வெளியிலிருந்து இழுத்துப் பிடித்து ஆட்டி, மறுபடி இறுக்குங்கள். வால்வை மேலே வைத்துச் சக்கரத்தைக் குலுக்கினால் சீலன்ட் அந்த இடத்தில் தெறித்து அடைக்கும். அதற்கும் நிற்கவில்லை என்றால் டயரின் ஒரு பக்கத்தை இறக்கி வால்வைச் சுற்றியுள்ள டேப்பைப் பாருங்கள். டேப்புக்கு அடியில் சீலன்ட் ஈரம் பரவியிருந்தால் டேப்பையே மாற்ற வேண்டும். டேப் காய்ந்து சுத்தமாக இருந்து, ரப்பர் அடி மட்டும் ஒரு பக்கம் நசுங்கியிருந்தால் உருவம் பொருந்தாத வால்வு அது.

காற்று ஏறவே மறுக்கிறது, பம்ப் முள் மட்டும் எகிறுகிறது என்றால் கோரில் சீலன்ட் உறைந்திருக்கிறது. கழற்றி வெந்நீரில் ஊறவைத்து, ரப்பர் போன்ற பிசிறை உரித்து எடுங்கள். தண்டுக்குள் ஸ்போக் துண்டை விட்டுக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். ஒன்றிரண்டு உபரி கோர் கையில் இருந்தால் அந்தச் சிரமமும் இல்லை. இந்த அடைப்பைத் தள்ளிப்போட ஒரு பழக்கம் உண்டு. காற்றடிக்கும்போதோ விடும்போதோ வால்வைக் கடிகாரத்தின் 4 மணி அல்லது 8 மணி இடத்தில் நிறுத்துங்கள். வால்வு அடியில் இருந்தால் அங்கே தேங்கிய சீலன்ட் காற்றோடு கோருக்குள் தெறிக்கும். உச்சியில் இருந்தால் மேலிருந்து சொட்டுவது நேராகத் தண்டுக்குள் இறங்கும்.

நம் வெயிலில் சீலன்ட் சீக்கிரம் காயும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோரைக் கழற்றி, ஒரு மெல்லிய குச்சியை விட்டு ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். குச்சி காய்ந்து வந்தால் ஊற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது.

வழியில்

எவ்வளவு நம்பிக்கை வந்தாலும் ஒரு டியூப், ஒரு கோர், கோர் சாவி மூன்றும் பையில் இருக்கட்டும். டியூப் போட வேண்டி வந்தால் முதலில் நட்டைக் கழற்றி வால்வை உருவுங்கள். நட்டையும் ஓ-ரிங்கையும் உடனே தண்டிலேயே திரும்ப ஏற்றிப் பையில் போடுங்கள். புல்லில் விழுந்த ஓ-ரிங் கிடைக்காது. அப்புறம் டயரின் உள்பக்கத்தைக் கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். சீமைக் கருவேலம் மண்டிய பாதைகளில் ஓடிய டயரில் சீலன்ட் சத்தமில்லாமல் அடைத்துவைத்த முள் பல இருக்கும். டியூப்லெஸ்ஸாக ஓடியபோது அவை இருந்ததே தெரிந்திருக்காது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்த பிறகுதான் டியூபைப் போட வேண்டும்.